தாழ்ந்துபோன தெரு

அத்தியாயம் 6

"கல்லறைத் தோட்டத்துக்குப் போறோம்னு நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, இன்னிக்குக் காலையில எனக்கு ஜுரம் வந்திருக்கும்," என்றான் கிளோவிஸ்.

"அதனாலதான் சொல்லல," என்றாள் ஒடீல் வெர்டின். வண்டியை நிறுத்தியதும் சாவியைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சாவி வண்டியிலேயே இருந்தால் உதவியாளன் வீடு திரும்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

பனி இன்னும் விலகவில்லை. பெல் ஓம்பர் என்ற இந்தச் சதுப்புக்கரை ஊரில் அக்டோபர் கடைசியில் அது லேசில் விலகாது. கடன் கொடுத்தவன் மாதிரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள்ளிருந்து கல்லறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இரண்டடி தோண்டினால் தண்ணீர் வருகிற மண் இது. செத்தவர்களைப் பெரும்பாலும் தரைக்கு மேல் செங்கல் அறை கட்டித்தான் வைப்பார்கள். வேலிக்கு அப்பால் சதுப்பு. உப்புத் தண்ணீர் ஏறிப் பட்டுப்போன ஓக் மரங்கள் இலையில்லாமல் நின்றன.

சகல புனிதர் திருநாளுக்கு முன்பு ஊரே வாளியும் தூரிகையுமாக வந்து கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். இந்த வருஷம் ஒரே ஒரு தூரிகைச் சத்தம்தான் கேட்டது. சுற்றிலும் போன வருஷத்துச் சுண்ணாம்பு பாசி பிடித்துக் கறுத்திருந்தது. கிளோவிஸ் கையிலிருந்த சாசேஜை முழுசாக வாயில் திணித்துக்கொண்டான். பயம் வந்தால் அவனுக்குப் பசிக்கும்.

ஒடீல் ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் புயல் சேதம் மதிப்பிட்டவள். பாதிக்கப்பட்டவர்களிடம் "இல்லை" என்று சொல்லிச் சொல்லி வெறுத்துப்போய் வேலையை உதறியவள், இப்போது அதே ஆட்களுக்காகத் துப்பறிகிறாள். கூலி பெரும்பாலும் இறாலாகவும் சிப்பியாகவும் வரும். இந்த வழக்கும் அப்படித்தான்.

வழக்கு இதுதான். வெள்ளம் இந்த உயரம் வரை வரும் என்று அரசாங்கம் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. வீட்டு நிலம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் கவலையில்லை. கீழே இருந்து, வீட்டின் மேல் கடனும் இருந்தால், வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் வங்கியே எடுத்து, அதன் விலையைக் கடனோடு சேர்த்துவிடும். அந்த விலை சாதாரண விலை இல்லை. வரைபடம் வந்த நாளிலிருந்து லெக்லேர் தெரு கோட்டுக்கு மேலேதான் இருந்தது. சட்டம் கடுமையானதும் வங்கிகள் எல்லா வீட்டுக்கும் நில உயரத்தைக் காட்டும் சான்றுத் தாள் புதிதாகக் கேட்டன. சர்வேயர் ஹார்லன் பீட்ரி வந்து அளந்தான். தெரு முழுவதும் கோட்டுக்குக் கீழே ஓர் அடி இறங்கியிருந்தது.

தெருவில் ஆறு வீடு. ஐந்து பேர் கட்ட முடியாமல், வந்த விலைக்கு ஒரு டீசல் கிடங்குக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். மிச்சம் யூலாலி ஃபஸாந்த் மட்டும்தான். இறால் தொழிற்சாலையில் தோல் உரிக்கிறவள், விதவை. வங்கி கொடுத்த கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு வீடு அவளுடையதாக இருக்கப்போவதில்லை.

ஊரில் வேறு ஒரு பேச்சும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முந்தைய பெரும் புயலில் கல்லறைகளின் முகப்புக் கல் உடைந்து, சவப்பெட்டிகள் சதுப்புக்குள் மிதந்து போயின. சில பெட்டிகள் கிடைக்கவே இல்லை. கிடைக்காதவர்கள்தான் தெருவைக் கீழே இழுக்கிறார்கள் என்று தபால்காரர்கூடச் சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கிளோவிஸ் அதை நம்பவில்லை. ஆனால் அந்தத் தெருவில் நடந்தபோது ஓரமாகவே நடந்தான்.

ஒடீலின் சந்தேகம் பீட்ரி மேல். கிடங்குக் கம்பெனி ஏஜண்டோடு அவன் நண்டு தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

பீட்ரி கல்லறைத் தோட்டத்து வாசலில் கைகட்டி நின்றிருந்தான். தடித்த ஆள். வரச்சொன்னதிலேயே அவனுக்குக் கோபம்.

"என்னத் திருடன்னு சொல்லத்தானே கூப்பிட்டீங்க?"

"சாப்பிட்ட நண்டுக்கு யாரு காசு கொடுத்தா?" என்றாள் ஒடீல்.

"நான்தான். அந்தாளு பர்ஸ வீட்டுல விட்டுட்டு வந்துட்டான்."

"அப்ப இவரு ஏமாந்தவருதான், மிஸ் ஒடீல்," என்றான் கிளோவிஸ். "திருடனா இருந்தா ஓசியில தின்னிருப்பாரு."

பீட்ரி முறைத்தான். பிறகு தன் கணக்கை ஒப்பித்தான். எந்த அளவும் ஓரிடத்தில் ஆரம்பித்தாக வேண்டும். அரசாங்கம் அங்கங்கே அசையாத கட்டடமாகப் பார்த்து ஒரு பித்தளை வில்லையைப் பதித்து, அது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது. பெல் ஓம்பரில் அசையாத கட்டடம் என்று அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கல்லறையின் அடிமேடைதான். அந்த வில்லையிலிருந்து கிளம்பித்தான் தெருவை அளந்தான். சந்தேகம் வந்து மறுபடி இரண்டு தடவை அளந்தான். மூன்று தடவையும் ஒரே கணக்கு.

"வேற வில்லையே கெடையாதா?" என்றாள் ஒடீல்.

"நெடுஞ்சாலைப் பாலத்துல ஒண்ணு இருக்கு. எட்டு மைல். தெருக்காரங்க கொடுக்கிற கூலிக்கு எட்டு மைல் யாரு அளப்பா?" என்றான் பீட்ரி. பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அதுதான் ஒடீலுக்கு எரிச்சலாக இருந்தது.

வில்லை இருந்த கல்லறைக்குத்தான் யூலாலி சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அது ஃபஸாந்த் குடும்பக் கல்லறை. ஆளுயரத்தில் இரண்டு அறை, ஒன்றின் மேல் ஒன்று. கீழறைக்கு நேரே, இருபத்திரண்டு வயதில் படகு விபத்தில் இறந்த மகன் தெயோவின் பெயர். புயலில் மிதந்து போய்த் திரும்பக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பெட்டிகளில் அவனுடையதும் ஒன்று. மேலறைக் கல்லில் பெயர் எதுவும் இல்லை. அடிமேடையின் மூலையில், சுண்ணாம்பைச் சுரண்டிய வட்டத்துக்குள் பித்தளை வில்லை மங்கலாக மின்னியது. பீட்ரி சுரண்டும்வரை அங்கே அப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்றாள் யூலாலி.

அறுபதை நெருங்கிய, குச்சிபோன்ற பெண். மூன்று பேரையும் பார்த்தும் தூரிகையை நிறுத்தவில்லை.

"நில்லுங்க, இந்தப் பக்கம் மட்டும் முடிச்சிடுறேன். புயலுக்கப்புறம் இந்த வேலை லேசாயிடுச்சு தெரியுமா? முன்னெல்லாம் பையன் பேருக்குக் கீழ இருக்கிற இந்தத் திண்டுல பூ வைக்கணும்னா குனியணும், முதுகு போயிடும். இப்போ நின்னபடிக்கே வைக்கிறேன். வயசாக ஆக முதுகு தேறுது எனக்கு."

"எங்க அத்தைக்கு வயசாக ஆக முதுகு வளையுது," என்றான் கிளோவிஸ். "என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க, வாங்கி அனுப்புறேன்."

அவன் சிரித்தான். யூலாலியும் சிரித்தாள். ஒடீல் சிரிக்கவில்லை. அவள் திண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேச்சை வளர்க்க நினைத்து, வீட்டுக்காரரும் இங்கேதான் இருக்கிறாரா என்று கிளோவிஸ் கேட்டுவைத்தான். யூலாலியின் தூரிகை நின்றது. வேலி ஓரத்தை மோவாயால் காட்டினாள். அங்கே சதுப்பை ஒட்டி, சொந்தக் கல்லறை இல்லாதவர்களுக்கான வாடகைக் குழிகளின் வரிசையில், ஒரு சிமெண்டுப் பலகை சாய்ந்து கிடந்தது. ஒக்டாவ் ஃபஸாந்த், இறந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. பலகையில் பூ இல்லை.

"இங்கதான் எடம் காலியா இருக்கே?"

"அவரு இஷ்டம்," என்றாள். "சாகுறதுக்கு முன்னாடி சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. இத எனக்காகத் தெறக்கக் கூடாதுன்னு." வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று சொல்லி, குழாயடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் பாதி வாளி இருந்தது.

அவள் பனிக்குள் மறைந்ததும் ஒடீல் முழங்காலிட்டாள். வண்டிச் சாவியால் கல்லறைச் சுவரிலிருந்து ஒரு சுண்ணாம்புச் சில்லைப் பெயர்த்துக் கிளோவிஸின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஓரத்தப் பாரு."

வருஷத்துக்கு ஒரு பூச்சு. வெங்காயத் தோல் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, விரல் தடிமனுக்கு வந்திருந்தது. தாத்தா காலத்துச் சுண்ணாம்பும் அதில் இருந்தது.

ஒடீல் கீழே நகர்ந்தாள். அடிமேடைக்கும் கீழே, தரையை ஒட்டி இரண்டு வரிசை சிமெண்டுக் கல். அங்கே சாவியை வைத்ததும் சுண்ணாம்பு காகிதம் மாதிரி உரிந்து வந்தது. கிளோவிஸ் நகத்தால் பிரித்தான். இன்று அடித்த ஈரப் பூச்சை விட்டுவிட்டால், ஐந்து.

"அஞ்சு வருஷம்," என்றான். குரல் இறங்கிவிட்டது. "மேல நூறு வருஷம், கீழ அஞ்சு வருஷம். வீட்டுக்கு முன்னாடியே மாடிய கட்டின மாதிரி இருக்கே."

"ஒக்டாவ் என்ன வேலை பாத்தாரு?"

கிளோவிஸுக்கு அது தெரியும். இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஒக்டாவ் வீடு தூக்குகிறவர். வெள்ளத்துக்குப் பயந்தவர்களின் வீட்டை அடியில் ஜாக்கி கொடுத்து அப்படியே உயர்த்தி, கீழே கல் அடுக்கிவிட்டு வருவார். அடுப்பில் இருக்கிற சூப்பு சிந்தாது என்று பேர்.

"கல்லறையத் தூக்கிட்டாரு," என்றான் கிளோவிஸ் மெதுவாக. "ஒரு விரிசல் விடாம."

"அடிமேடையோட சேத்து. வில்லையும் சேந்து ஏறிடுச்சு. புயலுக்கப்புறம் ஊரு முழுக்கச் சேறு. எது எந்த உயரத்துல இருந்துச்சுன்னு யாரு பாத்தா? அவரு கண்ணுக்கு அந்த வில்லை ஆணித்தலைதான்."

பீட்ரி அளவுகோலை எடுத்து இரண்டு வரிசைக் கல்லையும் அளந்தான். பதினாறு அங்குலம். நிமிர்ந்தபோது அவன் முகம் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் உயரத்தைத் தன்னோடு ஒப்பிட்டவன் கதையாகிவிட்டது. பிள்ளை குட்டையாகத்தான் தெரியும். தெரு ஓர் அடி தாழவில்லை. அளக்க ஆரம்பித்த இடம் பதினாறு அங்குலம் உயர்ந்திருந்தது. யூலாலியின் நிலம் கோட்டுக்கு நாலு அங்குலம் மேலேயே இருக்கிறது.

"அஞ்சு வீடு," என்றான் பீட்ரி. "அஞ்சு குடும்பத்த நான் தெருவுல நிறுத்திட்டேன்." அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தன் வண்டியை நோக்கிப் போனான். கதவைத் திறந்து உட்கார்ந்தான், வண்டியைக் கிளப்பவில்லை. போய் ஏதாவது சொல்லலாமா என்று கிளோவிஸ் நினைத்தான். சொல்ல ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை.

"சரி, கேஸ் முடிஞ்சுது," என்றான் ஒடீலிடம். "திருடனும் இல்ல, பேயும் இல்ல. ஒரு அப்பன், தன் மகன் மறுபடி மிதந்து போயிடக் கூடாதுன்னு தூக்கி வெச்சாரு. சிப்பி மூட்டைய வாங்கிட்டுக் கெளம்பலாம்."

ஒடீல் நகரவில்லை. "பக்கத்துக் கல்லறையெல்லாம் பாரு. முகப்புல என்ன இருக்கு?"

இரும்புப் பட்டை. புயலுக்குப் பிறகு எல்லாக் கல்லறை முகப்பையும் பட்டை போட்டு அடிமேடையோடு முடுக்கியிருந்தார்கள். உள்ளே இருக்கிற பெட்டி இன்னொரு வெள்ளத்தில் கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வராமல் இருக்க. இந்த வரிசையிலும் அடுத்த வரிசையிலும், பாசி பிடித்த கல்லறைகளில்கூட, பட்டை இருந்தது. ஃபஸாந்த் கல்லறையில் மட்டும் இல்லை.

"பதினாறு அங்குலம் தூக்கத் தெரிஞ்ச ஆளு," என்றாள் ஒடீல். "ஒரு பட்டை போடல. அப்புறம், இதத் தெறந்து என்ன உள்ள வைக்காதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு வேலியோரமாப் போய்ப் படுத்துட்டாரு."

பனி அவர்களைச் சுற்றி இறங்கியிருந்தது. கிளோவிஸ் கல்லறையைவிட்டு ஓரடி பின்வாங்கினான். இத்தனை நேரம் உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, இல்லை என்று தெரிந்ததும் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

"புயலப்போ மிஸ் யூலாலி லஃபாயெட்டுல தங்கச்சி வீட்டுல இருந்திருக்காங்க," என்றாள் ஒடீல். "ஒக்டாவ் படக எடுத்துட்டு வாரக்கணக்குல சதுப்புல தேடினாராம். பையன் கெடைப்பான்னு நம்பித்தான் மொதல்ல கல்லறையத் தூக்கியிருப்பாரு. கடைசியில போன் பண்ணி, கெடைச்சுட்டான், வெச்சு மூடிட்டேன், நீ பாக்க வேணாம்னு சொன்னாராம்."

"அவங்ககிட்ட இதச் சொல்லாதீங்க," என்றான் கிளோவிஸ். இதற்கு முன் அவன் அவளிடம் கெஞ்சியதே கிடையாது. "வீடு கெடைக்கும். அது போதும். வெள்ளத்துக்குப் பயந்து தூக்கினாருன்னு சொல்லிடலாம். அதுவும் பொய் இல்லையே."

ஒடீல் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள்.

யூலாலி வந்ததும் ஒடீல் அந்தப் பாதியை மட்டும் சொன்னாள். கல்லறை உயர்ந்த கதை, வில்லை உயர்ந்த கதை, நாலு அங்குலக் கதை. வீடு போகாது என்றாள். ஒரே ஒரு அரசாங்கத் தாள் நிரப்ப வேண்டும்: இன்ன வில்லை இடம் மாறிவிட்டது, இன்ன வருஷம், இன்னார் மாற்றினார் என்று கல்லறைக்கு உரியவர் கையெழுத்துப் போட்டால் வங்கி கெடுவை நிறுத்தியாக வேண்டும், பாலத்து வில்லையிலிருந்து பீட்ரி புதிதாக அளப்பான், கூலியில்லாமல்.

யூலாலி சந்தோஷப்படவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். கல்லறையின் முகப்பைக் கையால் தடவினாள். பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரல் மேலும் கீழும் போயிற்று.

"அவரு எப்பவாவது தூக்கினதக் கட்டாம விட்டு நான் பாத்ததில்ல," என்றாள். "நாப்பது வருஷம். கோழிக்கூண்டத் தூக்கினாக்கூட நாலு மூலையும் முடுக்கிட்டுத்தான் சாப்பிட வருவாரு. பட்டை போட வந்தவங்ககிட்ட, நானே பாத்துக்கறேன்னு சொன்னதாச் சொன்னாரு. நானும் கேக்கல."

ஒடீல் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தாள். கிளோவிஸ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"பையன உள்ள வெச்சிட்டுக் கட்டாம விட்டிருப்பாரா, ஒடீல்?"

"தெறந்து பாத்தாத்தான் தெரியும், மிஸ் யூலாலி."

"வேணாம். நீ என் மூஞ்சியப் பாக்காம பேசுறதே போதும்."

அவள் அங்கேயே அடிமேடையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஐந்து வருஷமாக ஆளில்லாத அறைக்குப் பூ வைத்தேன் என்றாள். பிறகு வேலியோரத்துச் சாய்ந்த பலகையை வெகுநேரம் பார்த்தாள். தெயோ படகு வேலைக்குப் போனதில் அவளுக்கும் ஒக்டாவுக்கும் பெரிய சண்டை. மகன் செத்த பிறகு அது தீரவே இல்லை.

"எங்க பக்கத்துல படுக்கக்கூட மனசில்லாமப் போயிட்டாருன்னு நெனச்சேன்," என்றாள். "ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கல. இவ்வளவையும் தனியா மனசுல வெச்சுக்கிட்டு, சேத்துல போய்ப் படுத்திருக்காரு மனுஷன்."

கிளோவிஸ் வண்டிக்கு ஓடித் தாளை எடுத்து வந்தான். ஓட்டத்துக்குக் காரணம் தாள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. தாளின் தலையில், தாள் வேலையைக் குறைக்கும் சட்டத்தின்படி என்று ஆரம்பித்து, இதை நிரப்பச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், தேவையான விவரங்களைத் தேடும் நேரமும் இதில் அடக்கம் என்று அச்சடித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த வரியை வைத்து அவன் ஒரு வாரம் ஓட்டியிருப்பான். இன்று அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, முழங்காலில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தான். கல்லறை யாருடையது. எந்த வருஷம். யார் உயர்த்தியது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றான். "என்ன எழுதட்டும்?"

ஒடீல் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, 'புயல்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு, பேனாவை யூலாலியிடம் நீட்டினாள்.

யூலாலி அதை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. வேலிக்கு அப்பால் பனி கொஞ்சம் கலைந்து, சதுப்புத் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது. அது கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு லெக்லேர் தெருவின் பின்புறம்வரை போகிறது.

"காத்து தெக்கேயிருந்து அடிச்சா தண்ணி ஏறி எங்க வாசப்படி வரைக்கும் வரும்," என்றாள். "நான் தொடப்பத்த எடுத்துக்கிட்டு வெரட்டிக்கிட்டே இருப்பேன். அஞ்சு வருஷமா. என் புள்ளதான் வீட்டுக்கு வந்து வந்து பாத்தானோ என்னமோ."

மூன்று பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.